வீட்டோடு ஒரு வடதிசை யாத்திரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். வட அமெரிக்கர்கள் இதனோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கொண்டிருக்கிறார்கள். "கட்டிய வீட்டுக்குச் சக்கரம் பூட்டி ஓட்டிப் பார்!" என்பதே அது.

மோட்டார் வீடு என்ற அந்த வாகனம் முன்புறத்தில் லாரி. பின்புறத்தில் சாக்ஷாத் வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அதற்குள் அடக்கம். பகலில் சாப்பாட்டு மேஜையாக இருப்பது இரவில் கட்டிலாகிவிடும். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குப் பாத்திரம் வைத்திருப்பார்களே, அந்தச் சாமர்த்தியம்தான்! குடிநீருக்கு ஒரு தொட்டி; பாத்திரம் கழுவிய ஜலத்துக்கு ஒரு தொட்டி; கழிவறைக்கு மற்றொன்று. பின்னிரண்டையும் அதற்கென்று ஏற்பட்ட இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். எஜமானர் எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தராயிருந்தாலும் சரி, கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்து நிற்க வேண்டியவர் அவரேதான். பெரிய வண்டியாயிருந்தால் லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோ மீட்டருக்குமேல் ஓடாது.

இத்தனை சிரமத்தையும் பாராட்டாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோடைதோறும் இவ்வண்டிகளில் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. வாசக நேயர்களே, நாமும் மனோரதத்தில் ஏறிக்கொண்டு அவர்களுடன் போய் வருவோம், வாருங்கள்!

மலைச் சீமையின் வாசல்

நம் யாழ்ப்பாணத்துச் சகோதரர்கள் திரளாகக் குடியேறியிருக்கும் டொராண்டோ நகரில் புறப்படுவோம். சுபீரியர் ஏரியின் கரையோரமாக ஊர்ந்து, மானிடோபா, சஸ்காச்சுவான் மாகாணங்களின் கோதுமை வெளிகளைக் கடந்து, கால்கரி நகரை அடைவதற்குள் சுமார் 3,400 கிலோ மீட்டர் ஓடியிருப்போம். அதற்கு மேற்கே திடீரென்று ராக்கி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது.

1883-ம் வருஷம் ரயில் பாதை போட வந்த தொழிலாளர் சிலர் இங்கே ஒரு வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். 1885-ல் சர்க்கார் அந்த ஊற்றைச் சுற்றிய நிலத்தைப் பொதுச் சொத்தாக ஒதுக்கிற்று. 1887-ல் அது கனடாவின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அதுதான் பான்ஃப். இப்போது அதன் விஸ்தீரணம் 6,641 சதுர கிலோ மீட்டர். பூங்காவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நெடுஞ்சாலைக்கு மேலே, கரடிக்கும் மானுக்கும் ஓநாய்க்குமென்றே மண் பரப்பி மரம் வளர்த்த மேம்பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள். மிருகங்கள் அவற்றின் மீது நடந்து சாலையைத் தாண்டுகின்றன.

பான்ஃபிலிருந்து வடக்கே லூயிஸ் ஏரி; அங்கிருந்து ஜாஸ்பர் வரையில் 230 கிலோ மீட்டருக்கு, பனியாறுகளின் நடுவே ஒரு சாலை. இவ்வழியிலுள்ள கொலம்பியா பனிவெளியில் உருகும் நீர் பசிபிக், ஆர்க்டிக், அட்லாண்டிக் ஆகிய மூன்று மகாசமுத்திரங்களுக்கும் பிரிந்து போகிறது. அங்கிருந்து இறங்கும் அதபாஸ்கா பனியாற்றைக் காண நடக்கும் வழியில், வருஷங்கள் எழுதிய பலகைகள் நட்டிருக்கின்றன. அந்தந்த வருஷத்தில் பனியின் முனை அதுவரை இருந்தது என்பது பொருள். சென்ற நூற்றிருபத்தைந்து வருஷங்களில் அது ஒன்றரைக் கிலோ மீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

ஜாஸ்பர் ஊருக்கு நேர்ந்த கதி இன்னும் துயரமானது. 2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில் காட்டுத் தீ மூண்டு ஊருக்குள் புகுந்தது. ஊராரும் யாத்திரிகர்களுமாகச் சுமார் 25,000 பேர் இரவோடு இரவாக வெளியேறினார்கள். 358 கட்டடங்கள் சாம்பலாயின.

எட்டு மாதத்தில் ஒரு சாலை

ஜாஸ்பரிலிருந்து வடக்கே சென்று டாசன் கிரீக் என்னும் சிற்றூரை அடைகிறோம். அலாஸ்கா நெடுஞ்சாலையின் முதல் மைல்கல் இங்கே இருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அலாஸ்காவுக்குத் தரை வழியே கிடையாது என்ற பீதியில், 1942 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் சாலை போடத் தொடங்கிற்று. பதினாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள், காடும் சதுப்பும் உறைந்த மண்ணுமான பிரதேசத்தில், எட்டே மாதங்களில் வழியைத் திறந்துவிட்டார்கள்.

அவர்களில் மூன்றிலொரு பங்கினர் கறுப்பு மனிதர்கள். அந்நாளில் அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்குத் தனிப் படை, கறுப்பருக்குத் தனிப் படை. கறுப்பர்களை வடக்கே அனுப்புவதில் அலாஸ்காப் படைத் தலைவர் சைமன் பக்னருக்குச் சம்மதமே இல்லை. ஆயினும் சிக்கானி சீஃப் என்ற வேகமான ஆற்றின் குறுக்கே மரப் பாலம் ஒன்றை நான்கு நாட்களுக்குள் கட்டி முடித்தவர்கள், கறுப்பரின் 95-வது படையினர்தான். அக்டோபர் 25-ந் தேதி, பீவர் கிரீக் அருகே, தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த இரண்டு மண்தள்ளும் இயந்திரங்கள் காட்டின் நடுவே முட்டிக்கொண்டன. ஒன்றை ஓட்டியவர் ரிஃபைன்ஸ் ஸிம்ஸ் என்ற கறுப்பர். மற்றொன்றை ஓட்டியவர் ஆல்ஃபிரட் ஜலுஃப்கா என்ற வெள்ளையர். இருவரும் கைகுலுக்கும் புகைப்படம் பிரசித்தமானது. 1948-ல் சாலை பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ராணுவத்தில் நிற பேதம் ஒழிய வேண்டுமென்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டதும் அதே 1948-ல்தான்.

1942-ல் வீட்டு நினைவு வந்த ஒரு சிப்பாய், வாட்ஸன் லேக் என்னுமிடத்தில் தன் ஊர்ப் பெயரையும் தூரத்தையும் எழுதி ஒரு பலகையை மாட்டினான். பிறகு வந்தவர்களும் மாட்டினார்கள். இன்று அங்கே எண்பதினாயிரத்துக்கும் அதிகமான பலகைகள் காடாய் நிற்கின்றன.

யாருடைய வனாந்தரம்?

இவ்விடத்தில் நம் வண்டியைச் சற்றே நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. மனித சஞ்சாரமற்ற வனாந்தரம் என்று இப்பிரதேசங்களைப் புத்தகங்கள் வர்ணிக்கின்றன. அது மெய்தானா?

பான்ஃப் மலைகள் ஸ்டோனி நகோடா ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம். பூங்கா ஏற்பட்ட பின் அவர்களுடைய வேட்டை குற்றமாகிவிட்டது. வருஷத்தில் சில நாட்கள் மட்டும், யாத்திரிகர் கண்டு களிக்கும்பொருட்டு, அலங்கார உடையுடன் வரும்படி அழைக்கப்பட்டார்கள். ஜாஸ்பர் பள்ளத்தாக்கில் வீடு கட்டிப் பயிர் செய்து வந்த மேட்டி இனக் குடும்பங்கள் 1910-ல் வெளியேற்றப்பட்டன. அலாஸ்காச் சாலை வந்தபோது அதனோடு நோய்களும் வந்தன. டெஸ்லின் முதலிய கிராமங்களில் தட்டம்மையும் கக்குவானும் பூர்வகுடிகளை வாட்டின. சாலை போட்டவர்கள் மிருகங்களைக் கண்டபடி சுட்டுத் தீர்க்கிறார்களென்று 1943-ல் குளுவேனில் வேட்டைத் தடை போட்டார்கள். தடையினால் அதிகம் பட்டினி கிடந்தவர்கள் யார்? பல்லாண்டுகளாக அந்த வேட்டையிலேயே ஜீவித்த சதர்ன் டட்சோனி மக்கள்தாம்!

அநீதி அப்படியே நிலைத்துவிடவில்லை என்பது ஆறுதல். நெடுநாள் வழக்காடியதன் பயனாய், 1993-லும் 2003-லும் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி, குளுவேன் பூங்காவின் நிர்வாகத்தில் அம்மக்களுக்குப் பங்கு கிடைத்தது. தம் முன்னோர் நிலத்தில் வேட்டையாடும் உரிமையும் திரும்பி வந்தது.

ஆனால், உரிமை திரும்பும் வேளையில் நிலமே மாறிக்கொண்டிருக்கிறது. குளுவேன் ஏரிக்கு ஜலம் கொண்டு வந்த ஸ்லிம்ஸ் என்னும் ஆறு 2016-ல் சில நாட்களுக்குள் வற்றிப்போயிற்று. அதன் தாயான கஸ்காவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதால், உருகிய நீரெல்லாம் வேறொரு ஆற்றில் இறங்கிவிட்டது. ஏரியின் மட்டம் தாழ்ந்தது; ஆறு ஓடிய இடத்தில் புழுதிக் காற்று வீசுகிறது. அதற்கு வடக்கே உறைந்த மண் இளகுவதால் சாலை அலைபோல் எழுந்து தாழ்கிறது. மெதுவாகப் போகாவிட்டால் அலமாரியிலுள்ள பீங்கானெல்லாம் தரைக்கு வந்துவிடும்!

பெருமலையின் முன்

டெல்டா ஜங்ஷனில் சாலை முடிகிறது. ஃபேர்பாங்க்ஸ் வழியாகச் சுற்றி டெனாலி பூங்காவை அடைகிறோம். ஜூன் மாதக் கடைசியில் இங்கே இரவு பதினொரு மணிக்கும் பத்திரிகை வாசிக்கலாம். 6,190 மீட்டர் உயரமுள்ள பெருமலை பெரும்பாலும் மேகத்தில் மறைந்தே இருக்கும். 'டெனாலி' என்றால் பூர்வகுடிகள் பாஷையில் 'உயர்ந்தது' என்று பொருள். தங்கம் தேடி வந்த ஒருவர் 1896-ல் மக்கின்லி என்ற அரசியல்வாதியின் பெயரை அதற்குச் சூட்டினார். 2015-ல் அமெரிக்க சர்க்கார் பழைய பெயரை மீட்டது. 2025-ல் மறுபடியும் மக்கின்லி ஆக்கிற்று. மலை எந்தப் பெயருக்கும் தலை அசைக்காமல் நிற்கிறது.

பூங்காவின் சாலை 148 கிலோ மீட்டர் நீளம். சொந்த வண்டியை, பொதுவாக, முதல் 24 கிலோ மீட்டர் வரையில்தான் விடுவார்கள். அதற்கப்பால் பூங்காவின் பஸ்ஸில்தான் போக வேண்டும். நாலாயிரம் மைல் வீட்டை இழுத்துக்கொண்டு வந்தவரும் அதை விட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அயலார் வீட்டுக்குப் போகிறவர் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவது நம் வழக்கமல்லவா? வடதிசை மலைகளைப் பார்க்கப் போகிறவர்களும் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை நினைத்துக்கொண்டு அடி வைத்தால், அந்த யாத்திரை வீணாகாது.