இரண்டு முறை மணந்த மூதாட்டிகள்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் 2004 பிப்ரவரி 12-ஆம் தேதி ஒரு திருமணம். மணமக்கள் இருவரும் பெண்கள். டெல் மார்ட்டினுக்கு வயது 82. பிலிஸ் லயனுக்கு 79. 1953 முதல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள். அந்நகரம் ஒரே பாலினத்தவருக்கு நடத்தி வைத்த முதல் திருமணம் அதுவே.

மகிழ்ச்சி ஆறு மாதமே நீடித்தது. மேயருக்கு அதிகாரமில்லை என்று கூறி, ஏறத்தாழ 4,000 ஜோடிகளின் திருமணங்களையும் செல்லாதவை ஆக்கியது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்.

2008-இல் அதே நீதிமன்றம் தடையை நீக்கியது. ஜூன் 16-ஆம் தேதி அதே மண்டபத்துக்கு டெல் சக்கர நாற்காலியில் வந்தார். மேயர் கவின் நியூசமே திருமணத்தை நடத்தி வைத்தார்.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி டெல் காலமானார். குடித்தனம் 55 ஆண்டுகள்; சட்டப்படி நிலைத்த மணவாழ்வு 72 நாட்கள்.