"கடைசியா வலி ஊசி எப்போ போட்டாங்க?"

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. தலைப்பில் இருக்கும் அதே கேள்விதான்.

போன வருஷம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். விடிகாலை அஞ்சு மணிக்கு ஒரு ஊசி போட்டாங்க, அம்மா தூங்கிட்டாங்க. அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியவில்லை என்று ஒன்பது மணிக்கு 'ஹைடா ஸ்கேன்' எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கேன் ரூமில் டெக்னீஷியன் இந்தக் கேள்வியைக் கேட்டார். "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, இப்ப வலியும் குறைஞ்சிடுச்சு"ன்னு சொன்னேன். அவர் ஃபைலைப் புரட்டினார். "மார்ஃபின் போட்டிருக்காங்களே! ஸ்கேன் சாயங்காலம்தான்." எனக்குக் கோபம் வந்துடுச்சு. கைல போட்ட ஊசிக்கும் வயித்துல எடுக்குற படத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. அதைப் புரிஞ்சுக்க, இந்த ஸ்கேன் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

எக்ஸ்ரே உடம்பின் அமைப்பைக் காட்டும். ஹைடா ஸ்கேன் காட்டுவது ஓட்டத்தை. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தை, மிகச் சிறிய அளவில் நரம்பில் ஏற்றுவார்கள். இதுதான் ட்ரேசர். ஆறு மணி நேரத்தில் இதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். கல்லீரல் இதை உறிஞ்சி, பித்தநீரோடு சேர்த்து வெளியே அனுப்பும். அது பித்தநாளத்தில் இறங்கி, ஒரு பகுதி பித்தப்பைக்குள்ளும் மீதி சிறுகுடலுக்குள்ளும் போகும். வெளியே இருக்கும் காமா கேமரா இந்தப் பயணத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் படம் பிடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் பித்தப்பையும் சிறுகுடலும் தெரிந்துவிடும்.

பித்தநாளம் சிறுகுடலில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. 1887-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ருஜெரோ ஓடி என்ற இத்தாலிய மருத்துவ மாணவரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைச்சுக்கோங்க. கயிற்றை இழுத்தால் வாய் மூடும் இல்லையா? மார்ஃபின் செய்வது அதைத்தான். மூளையில் வலியைக் குறைக்கும் அதே மருந்து, இங்கே இந்தத் தசையை இறுக்கிவிடும்.

அப்போ படத்தில் என்ன தெரியும்? கல்லீரல் தெரியும், பித்தநாளம் தெரியும், ஆனால் ட்ரேசர் சிறுகுடலுக்கு வரவே வராது. நாளத்தில் கல் அடைத்திருந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். இல்லாத அடைப்பைத் தேடி, வாய் வழியாக எண்டோஸ்கோப் விடுவது வரைக்கும் பேச்சு போகலாம். அதனால்தான் மார்ஃபின் மாதிரியான மருந்துகளின் வேகம் அடங்கும்வரை, மருந்தைப் பொறுத்து சுமார் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ஸ்கேன் நடந்தது. ட்ரேசர் சிறுகுடலுக்கு ஒழுங்காக வந்துவிட்டது. அப்போ நாளத்தில் அடைப்பு இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஆகியும் பித்தப்பை தெரியவில்லை. அப்போ டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் ஆடிப்போயிட்டேன்: "கொஞ்சம் மார்ஃபின் கொடுங்க."

காலையில வேண்டாம்னு சொன்ன அதே மருந்து! டாக்டரே விளக்கினார். கீழ்வாசல் இறுகினால் பித்தநீர் மேலே எதிர்த்து ஏறும். பித்தப்பைக்குப் போகும் வழி திறந்திருந்தால், ட்ரேசர் அதற்குள் நுழைந்தே ஆகணும். மூணு நாலு மணி நேரம் காத்திருந்து பார்ப்பதை, அரை மணியில் பார்த்துவிடலாம். இதற்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் போதும். அம்மா அறுபது கிலோ, அதனால் இரண்டரை மில்லிகிராம்கூட இல்லை.

அரை மணி கழித்தும் பித்தப்பை தெரியவில்லை. வழி அடைபட்டு, பித்தப்பை வீங்கியிருக்கு என்பது உறுதியானது. ஆபரேஷன் செய்து பித்தப்பையை எடுத்தாங்க. அம்மா இப்ப நல்லா இருக்காங்க.

ஆக, மார்ஃபின் போட்டது தெரியாவிட்டால் படம் குழப்பும். தெரிந்து கொடுத்தால் அதே மார்ஃபின் பதில் சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது நாம சொல்ற ஒரு வார்த்தைதான்.

அதனால ஸ்கேனுக்குப் போறப்போ எல்லாத்தையும் சொல்லுங்க. ஊசி மட்டுமில்லை, தோளில் ஒட்டுற ஃபென்டானில் பட்டை, கோடீன் கலந்த இருமல் டானிக் எல்லாம் இதே குடும்பம்தான். "வெறும் பாராசிட்டமால்தானே"ன்னு நினைக்கிற மாத்திரையில டிரமடாலும் சேர்ந்திருக்கலாம், அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, அதை டாக்டர் முடிவு பண்ணட்டும். மருந்தோட பேரையும் போட்ட நேரத்தையும் போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, அது போதும்.

அன்னைக்கு நான் கோபப்பட்ட அந்த டெக்னீஷியனுக்கு, இந்த எபிசோடு மூலமா ஒரு நன்றி. அடுத்த வாரம் சந்திப்போம்!