ஓய்வுநாளும் பிள்ளை வளர்ப்பும்

மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களையும் அவற்றினின்று கிளைத்த வாழ்க்கைநெறியையும் யூதர்கள் தோரா என்பர். அந்நெறியில் பிள்ளைகளை வளர்க்கும் கடமை பெற்றோருக்கே முதலில் உரியது என்பது அவர்தம் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் பொதுக்கல்வியின் கதவுகள் திறந்தபோது, மறையைக் கைவிடுவதா, உலகை ஒதுக்குவதா என்ற கேள்வி எழ, இரண்டும் வேண்டா என்றவர் சாம்சன் ரபேல் ஹிர்ஷ் (1808–1888) என்னும் ரபி, அதாவது சமய ஆசான்; 1853இல் பிராங்பர்ட்டில் அவர் தொடங்கிய பள்ளியில் தோரா கற்ற மாணவரே அறிவியலும் ஜெர்மன் இலக்கியமும் கற்றனர்.

ஆயினும் பள்ளியைவிட வலியது சபாத் என்னும் ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் விளக்கேற்றி, பிள்ளைகளின் தலையில் கைவைத்து வாழ்த்தி, குடும்பத்தோடு உண்டு, மறுநாள் இரவுவரை தொழிலை நிறுத்துவது அதன் முறை. இம்மரபினர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கு அருகிலும் உள்ளனர்: கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், பாக்தாத் வழிவந்த யூதர்கள் 1878இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் திறந்த மகெய்ன் அபோத் தொழுகைக்கூடம் இன்றும் இயங்குகிறது. அச்சமூகத்தின் சமயப்பற்றுள்ள குடும்பமொன்றில் பிறந்த டேவிட் மார்ஷல் 1955இல் அத்தீவின் முதல் முதலமைச்சரானார்.

பொதுக்கல்வியோடு சமயத்தையும் பிள்ளைகளுக்கு எப்படித் தருவது என்ற இதே சிக்கல் ஜொகூரின் தமிழ் இந்துக் குடும்பங்களுக்கும் உண்டு. அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமியக் கல்வியும் ஏனையோருக்கு நன்னெறிக் கல்வியும் பாடமாதலால், தேவாரமும் வழிபாடும் கற்பிக்கும் பொறுப்பு வீட்டையும் ஆலயத்துச் சமய வகுப்பையும் சேர்கிறது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாவதும் அங்கேதான். ஆனால் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் உழைத்து, இருட்டியபின் வீடு திரும்பும் தந்தைக்கு ஓய்வு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். 2014 முதல் 2024 வரை மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தமையால், பிள்ளைக்கோ அது பள்ளிநாள். பதினோர் ஆண்டுகள் தந்தையும் பிள்ளையும் ஒரே நாளில் ஓய்வாக அமர வழியில்லாத வீடுகளைப் பார்த்துச் சமய ஆர்வம் குன்றிவிட்டது என்று மேடைகளில் வருந்துவோர், குறையைப் பெற்றோரின் மனத்தில் தேடுமுன் நாள்காட்டியில் தேடியிருக்கலாம்.

2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறை மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. கிடைத்த ஞாயிற்றையும் டியூஷனுக்கே தந்துவிடாமல், ஒரு வேளையேனும் பிள்ளையோடு அமர்ந்து ஒரு பதிகம் ஓதப் பெற்றோரும், சமய வகுப்பில் பெற்றோருக்கும் பாய் விரிக்க ஆலய நிர்வாகங்களும் முன்வர வேண்டும்.