மலிவும் நாடோடியும்

ஐரோப்பாவில் மலிவான நாடாகப் பார்த்துக் குடியேறு, அங்கிருந்தே மடிக்கணினியில் அமெரிக்கச் சம்பளத்துக்கு வேலை பார் என்கிற சொல்லாடல் இங்கும் வந்துவிட்டது. இப்படி வாழ்பவருக்கு 'டிஜிட்டல் நாடோடி' என்று பெயர். தமிழில் நாடோடி அவ்வளவு சுகமான சொல்லல்ல. வெள்ளையர் 1871இல் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், அலைந்து பிழைத்த சமூகங்கள் பலவற்றைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக்கியது. இன்றைக்கு அதே சொல் விசாவாகியிருக்கிறது.

மலிவு என்பதும் ஒரு நாட்டின் இயல்பல்ல. இரண்டு கூலிகளுக்கு இடையிலுள்ள தூரம். போர்ச்சுக்கலை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் தொலைவேலைக்காரர்களுக்கென்று தனி விசா தொடங்கினார்கள். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025இல் அந்தக் கூலி மாதம் 870 யூரோ. ஆக 3480 யூரோ, நம்ம பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். சட்டமே சொல்லிவிடுகிறது: உள்ளூர்த் தொழிலாளி நான்கு பேருக்குச் சமமானவனே விருந்தாளி. இருவரும் ஒரே லிஸ்பனில் வீடு தேடுகிறார்கள். வாடகை ஏறியதற்கு இவர்கள் மட்டும் காரணமில்லை. சுற்றுலா விடுதிகளாகிவிட்ட வீடுகள் உண்டு, வீடு வாங்கினால் வசிப்புரிமை தந்த 'தங்க விசா' (அந்த வழியை 2023இல் மூடினார்கள்) உண்டு. 2023 ஏப்ரல் 1 அன்று வீடு கேட்டு சனம் தெருவுக்கு வந்தது.

அதே நாட்டின் தெற்கே ஒடெமிரா. அங்கே பிளாஸ்டிக் கூடாரங்களில் பழம் பறிப்பவர்களில் நேபாளிகளும் இந்தியர்களும் ஏராளம். 2021இல் கொரோனாவுக்காக அப்பகுதியை அடைத்தபோதுதான் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அறைகள் பேசுபொருளாயின. வந்து வேலை தேடிக்கொண்டு பிறகு பதிவு செய்யலாம் என்றிருந்த வழியையும் 2024 ஜூனில் அடைத்துவிட்டார்கள். மடிக்கணினிக்காரருக்கான வாசல் மட்டும் திறந்தே இருந்தது.

மாங்காடு காமாட்சிக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பவர்களில் விசாவுக்காக வேண்டுபவர்களும் உண்டு. விசா கிடைக்காதவர் இங்கே வீட்டிலிருந்தே அமெரிக்காவுக்கு வேலை பார்க்கிறார். உடல் மாங்காட்டில், கடிகாரம் நியூயார்க்கில், சம்பளம் சென்னைக் கணக்கில். எங்க இருந்து வேணா வேலை பாக்கலாம்னா சம்பளம் மட்டும் ஏன் ஊரைப் பாத்து வருது? அமெரிக்கர் தன் சம்பளத்தை லிஸ்பனுக்குக் கொண்டுபோனால் அது சுதந்திரம். அதே வேலை மாங்காட்டுக்கு வந்தால் அது செலவுக் குறைப்பு. தொலைவேலை இடத்தை ஒழித்துவிட்டது என்று எழுதுகிற நம் பின்நவீனத்துவ நண்பர்கள் இந்தச் சம்பளச் சீட்டையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

மாங்காட்டுக்குள்ளேயும் இதே கணக்குதான். போரூர், ராமாபுரம் ஐ.டி. சம்பளத்துக்கு மாங்காடு 'மலிவு'. 2021இல் நகராட்சியானது, வயல்கள் மனைகளாகிவிட்டன. இங்கே கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் குன்றத்தூருக்கு அப்பால் வீடு பார்க்கிறார்கள். அவர்களுடையது வீட்டிலிருந்து பார்க்கிற வேலையல்ல. விடிந்ததும் பஸ் பிடித்து மறுபடி இங்கேதான் வரவேண்டும்.