சொட்டும் நீர் சொல்லும் செய்தி

மாணவர்களே! வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்பதை அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். கோடையில் இரும்புத் தண்டவாளம் சற்றே நீளுகிறது. வெப்பமானியில் பாதரசம் மேலேறுகிறது. நீரும் இவ்விதிக்கு உட்பட்டதே. 4 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறச் சூடேற, நீர் மிகுதியான இடத்தை நாடும். அந்த இடம் கிடைக்காவிடில் என்ன நேரும்? மொட்டைமாடியில் உள்ள சூரிய வெந்நீர்க் கலன் இதற்கு விடை கூறும்.

கலனின் அமைப்பு

பெங்களூரு நகரத்து மாடிகளில் இத்தகைய கலன்களைப் பரவலாகக் காணலாம். உயரமான மேடைமேல் ஒரு தொட்டி இருக்கும். அது தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே இருப்பது வெந்நீர்த் தொட்டி. தண்மை + நீர் = தண்ணீர்; வெம்மை + நீர் = வெந்நீர். பேச்சுவழக்கில் நாம் மறந்துவிட்ட இவ்வேறுபாட்டை இவ்விரு தொட்டிகளும் நினைவூட்டுகின்றன.

தண்ணீர், ஒரு குழாய் வழியே வெந்நீர்த் தொட்டிக்கு இறங்குகிறது. அங்குள்ள கண்ணாடிக் குழாய்களில் வெயில் பட்டு அது சூடேறுகிறது. வெந்நீர்த் தொட்டியின் தலையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே சென்று, தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி, வாய் திறந்து நிற்கும். இதனைக் காற்றுக்குழாய் என்பர்.

விரியும் நீர் எங்கே செல்கிறது?

20 பாகை வெப்பத்தில் உள்ள 100 லிட்டர் நீரை 60 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கூடுதலான இடத்தை அடைக்கும். இக்கூடுதல் நீர், தான் வந்த குழாய் வழியாகவே மெல்லப் பின்வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பும். பெரிய தொட்டியில் இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. எனவே, முறையாக அமைந்த கலனில் காற்றுக்குழாயின் வாய் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அங்கிருந்து நீர் வழிந்தால் எங்கோ குறை உள்ளது என்பது பொருள். எங்கே என்பதை அறிய, ‘எப்போது வழிகிறது?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

முதலாவது, வெயில் இல்லாத வேளையிலும், மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பியவுடன் வழிதல். இதற்கு வெப்பம் காரணமன்று. தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டம் காற்றுக்குழாயின் வாயைவிட உயர்ந்துவிட்டது. மிதவை வால்வு பழுதாகியிருக்கலாம். அல்லது தொட்டியை உயரமான மேடைக்கு மாற்றியிருக்கலாம்.

இரண்டாவது, வெயில் ஏறும்போது மட்டும் சொட்டி, மாலையில் தானே நின்றுவிடுதல். இதுவே விரிவினால் வரும் சிக்கல். திரும்பும் வழி அடைபட்டுள்ளது. தண்ணீர்க் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தப்பட்டிருக்கலாம். அல்லது உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். அரை அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்திற்குக் கால் லிட்டர் நீரைக்கூடக் கொள்ளாது. ஆகவே, ஒன்றரை லிட்டரில் பெரும்பகுதி வெளியே வழிந்துவிடுகிறது.

மூன்றாவது, ஆவியுடன் நீர் குபுகுபுவென வெளியேறுதல். இது கொதித்தலின் அறிகுறி. கோடை விடுமுறையில் வீட்டார் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டால், பல நாள் வெந்நீர் செலவாகாமல் மேலும் மேலும் சூடேறும். புறப்படும் முன் கண்ணாடிக் குழாய்களைத் துணியால் மூடிவைத்தல் நலம்.

செய்யக் கூடாதது

நீர் வீணாகிறதே என்று வருந்திச் சிலர் காற்றுக்குழாயின் வாயைத் துணியாலோ மூடியாலோ அடைத்துவிடுகின்றனர். சொட்டுவது நின்றுவிடும்; ஆனால் குறை நீங்காது. திரும்பும் வழியும் இல்லை, மேல் வழியும் இல்லை என்ற நிலையில், விரியும் நீர் தொட்டியின் சுவரையே தள்ளும். இத்தொட்டி அழுத்தம் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. அதன் இணைப்புகள் பிளந்து கொதிநீர் பீறிடக்கூடும்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. தண்ணீர் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கும்போது குளியலறையில் வெந்நீரைத் திறந்தால், வெளியேறும் நீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுக்குழாயின் வாயும் அடைபட்டிருந்தால் காற்று வாராது. அப்போது வெளிக்காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை போல அழுத்தும். தொட்டி உள்நோக்கி நசுங்கக்கூடும். விரியும் நீருக்கு வழிவிடுவதும், வெறுமையைக் காற்றால் நிரப்புவதும் அச்சிறு குழாயே.

ஆகவே, மாடியில் நீர் வழிவதைக் கண்டால் அதைத் தொடாதீர்கள். அது சுடுநீராக இருக்கலாம். எந்த நேரத்தில், எவ்வளவு, ஆவியுடனா என்று குறித்துக்கொண்டு பெரியவர்களிடம் கூறுங்கள். அக்குறிப்பு, பழுதுபார்க்க வரும் பிளம்பருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. நள்ளிரவிலும் காற்றுக்குழாயில் நீர் வழிகிறது. விரிவு இதற்குக் காரணமாகுமா? ஏன்?
2. 200 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் எவ்வளவு கூடுதல் இடம் வேண்டும்?
3. ‘சொட்டுவது நின்றுவிடும், ஆனால் குறை நீங்காது’ – இத்தொடரை உம் சொற்களில் விளக்குக.