"ஃபீஸ் எதுவும் கிடையாது" என்றால், யார் கொடுக்கிறார்கள்?



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி, பிளாஸ்டிக் கவரில் காகிதங்களை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். வளைகுடாவில் வேலையில் இருந்த கணவர் அங்கேயே மவ்த்தாகிவிட்டார். கம்பெனி கணக்கு முடித்து அனுப்பிய தொகை 10 லட்சம் ரூபாய். இத்தா முடிந்து வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி ஒருவர் மரியாதையாக உட்காரவைத்து, "பணத்தைச் சும்மா வச்சிருக்காதீங்கம்மா, நல்ல திட்டம் ஒண்ணு சொல்றேன். ஆலோசனைக்கு ஃபீஸ் எதுவும் கிடையாது" என்றிருக்கிறார். வட்டி வேண்டாம் என்று சகோதரி தயங்கியதும், "இது வட்டி இல்லம்மா, போனஸ்" என்று பதில் வந்திருக்கிறது.

2 லட்சம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒருமுறை கட்டும் பணம் என்றுதான் நினைத்தார். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் கடிதம் வந்தது: இரண்டாம் தவணை 2 லட்சம் கட்டவும். அது 10 ஆண்டுகள் தொடர்ந்து கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசி.

அந்த அதிகாரி சகோதரியிடம் ஒரு ரூபாய்கூட ஃபீஸ் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் பாலிசியை விற்றதற்காக வங்கிக்குக் காப்பீட்டு நிறுவனம் கமிஷன் கொடுத்திருக்கிறது. அந்தக் கமிஷன் அவர் கட்டிய பிரீமியத்திலிருந்துதான் போனது. கொடுத்தவர் அவர்தான், கொடுத்தது அவருக்குத் தெரியவில்லை.

நம் மஹல்லாவில் வீடோ மனையோ வாங்கும்போது தரகர் முதலிலேயே சொல்லிவிடுவார்: "எனக்கு இத்தனை சதவீதம்." நாமும் பேரம் பேசுவோம். பணத்தை எங்கே போடலாம் என்று யோசனை சொல்கிறவருக்கும் தரகு உண்டு. அதை நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அந்தத் தரகு எந்தெந்த வழியில் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

முதல் வழி: கமிஷன்

காப்பீட்டு ஏஜெண்ட், வங்கி அதிகாரி, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் எல்லோரும் இந்த வகை. இவர்களுக்குச் சம்பளம் தருவது நாம் அல்ல, யாருடைய திட்டத்தை விற்கிறார்களோ அந்த நிறுவனம்.

ஆயுள் காப்பீட்டில், குறிப்பாகச் சேமிப்பும் காப்பீடும் கலந்த எண்டோமென்ட் போன்ற பாலிசிகளில், கமிஷன் விகிதம் முதல் ஆண்டில்தான் மிக அதிகம். முதல் ஓரிரு ஆண்டுகளில் பாலிசியை நிறுத்தினால், கட்டியது முழுவதும் திரும்பக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் விற்கப்படும் 20, 25 ஆண்டுச் சேமிப்புத் திட்டங்கள் பலவும் இதே அமைப்பில்தான் இருக்கின்றன. இடையில் ஊர் திரும்ப நேர்ந்து திட்டத்தை நிறுத்தினால் நஷ்டம் பெரிதாக இருக்கும்.

மியூச்சுவல் ஃபண்டில் கமிஷன் வேறு விதம். 2009 ஆகஸ்டுக்கு முன் நாம் போடும் பணத்திலிருந்தே ஒரு பகுதியை நுழைவுக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். அதை செபி நிறுத்திவிட்டது. இப்போது பணம் ஃபண்டில் இருக்கும் காலம் முழுவதும் விநியோகஸ்தருக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு சதவீதம் போய்க்கொண்டிருக்கும். இதற்கு 'டிரெயில் கமிஷன்' என்று பெயர். நம் கணக்கில் தனியாகக் கழித்துக் காட்டமாட்டார்கள். ஃபண்டின் நிர்வாகச் செலவோடு சேர்ந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் இரண்டு வாசல்கள் உண்டு. விநியோகஸ்தர் வழியாகப் போவது 'ரெகுலர்' திட்டம். நாமே நேரடியாகப் போவது 'டைரக்ட்' திட்டம். முதலீடு செய்யப்படும் பங்குகள் ஒன்றே, நிர்வகிப்பவரும் ஒருவரே. டைரக்டில் கமிஷன் கிடையாது என்பதால் செலவு குறைவு.

வித்தியாசம் எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாய், 15 ஆண்டுகள். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 41 லட்சத்து 77 ஆயிரம் ஆகும். செலவு 1 சதவீதம் கூடி, வளர்ச்சி 9 சதவீதமானால் சுமார் 36 லட்சத்து 42 ஆயிரம். வித்தியாசம் 5 லட்சத்துக்கும் மேல். பங்குச் சந்தை இப்படி ஒரே சீராக வளராது. ஆனால் 'ஒரு சதவீதம்தானே' என்று நினைப்பது பல ஆண்டுகளில் எவ்வளவு ஆகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இரண்டாம் வழி: சொத்தில் சதவீதம்

இவர்கள் செபியிடம் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர்கள். 2013-இல் இதற்கென்றே தனி விதிகள் வந்தன. திட்டத்தை விற்கும் நிறுவனத்திடம் அல்ல, நம்மிடமே கட்டணம் வாங்குவார்கள். அவர்கள் ஆலோசனையின்கீழ் இருக்கும் நம் பணத்தில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கு. ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது செபியின் உச்சவரம்பு. இது வரம்புதான், சந்தை விலை அல்ல. 10 லட்சத்துக்கு 2.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். பேரம் பேச இடம் உண்டு.

2020-இல் செபி இன்னொரு கோட்டையும் போட்டது. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கி, திட்டத்தை விற்றுக் கமிஷனும் வாங்க முடியாது. இரண்டில் ஒன்றுதான். ஒருவர் உங்களிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ரெகுலர் திட்டத்தில் சேர்த்துவிட்டால் அங்கே ஏதோ தவறு இருக்கிறது.

மூன்றாம் வழி: நிலையான கட்டணம்

பணம் எவ்வளவு இருந்தாலும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய், அல்லது ஒரு முழுத் திட்டம் போட்டுத் தர இவ்வளவு ரூபாய் என்று வாங்குவது. இதற்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. 2020-இல் அது 1,25,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் 1,51,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டணத்தோடு ஜி.எஸ்.டி.யும் சேரலாம். பெரும்பாலும் ஆலோசகர்கள் கேட்பது இந்த வரம்பைவிடக் குறைவாகவே இருக்கும்.

எது நல்லது? தொகையைப் பொறுத்தது. ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 50 லட்சம் உள்ளவருக்கு அது 0.3 சதவீதம்தான், லாபம். 3 லட்சம் மட்டுமே உள்ளவருக்கு அது 5 சதவீதம், தாங்காது. மாதம் 2,000 ரூபாய் போடும் குடும்பத்துக்கு, நேர்மையான ஒரு விநியோகஸ்தர் வழியாகப் போவதே சில சமயம் மலிவாக இருக்கும். படிவம் நிரப்பித் தருவது, நாமினி மாற்றுவது, ஒருவர் மவ்த்தானபின் வாரிசுகளுக்குப் பணம் வாங்கித் தருவது என்று அவர் அலைவதற்கும் ஒரு மதிப்பு உண்டு. கமிஷன் வாங்குவது குற்றமல்ல. அதை மறைத்து 'இலவசம்' என்பதுதான் குற்றம்.

நான்காம் வழி: லாபத்தில் பங்கு

"லாபம் வந்தால் மட்டும் 20 சதவீதம் கொடுங்கள்" என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். 'போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்' எனப்படும் சேவையில் இந்த முறை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அதில் சேரக் குறைந்தது 50 லட்சம் ரூபாய் வேண்டும். 1 லட்சம், 2 லட்சம் வாங்கிக்கொண்டு லாபத்தில் பங்கு கேட்கும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்கு அந்த அனுமதி கிடையாது. லாபத்தில் பங்கு கேட்கிறவர் நஷ்டத்தில் பங்கு எடுப்பதில்லை என்பதையும் யோசியுங்கள்.

'ஹலால்' என்ற சொல்லும் கட்டணமும்

வட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற நம் கவலையைத் தெரிந்தவர்கள் அதையே விற்பனைச் சொல்லாக்குகிறார்கள். 'போனஸ்' என்று பெயர் வைப்பதால் மட்டும் ஒன்று மாறிவிடாது. மரபான எண்டோமென்ட் பாலிசிகளின் பணத்தில் பெரும்பகுதி வட்டி தரும் அரசுக் கடன் பத்திரங்களில் போடப்படுகிறது. அதன் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் பணம் எங்கே போகிறது என்ற விவரத்தை முதலில் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஷரீஅத் விதிகளைக் கவனித்துப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் இந்தியாவில் உண்டு. டாடா எத்திக்கல், டாரஸ் எத்திக்கல் போன்றவை அப்படிப்பட்டவை. அவற்றிலும் ரெகுலர், டைரக்ட் என்ற இரண்டு வாசல்கள் இருக்கின்றன. திட்டம் எதுவானாலும் கட்டணத்தைக் கேட்கும் கடமை நம்முடையதே.

பெங்களூரில் 2019 ஜூன் மாதம் சரிந்த ஐ.எம்.ஏ. நிறுவனத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். 'ஐ மானிட்டரி அட்வைசரி' என்று பெயரிலேயே ஆலோசனை என்ற சொல் இருந்தது. ஹலால் முதலீடு என்று சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைத் தானே வாங்கி வைத்துக்கொண்டது. ஆலோசகரின் வேலை யோசனை சொல்வது மட்டுமே. முதலீட்டுப் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்ட் நிறுவனத்துக்குப் போக வேண்டும். "என் கணக்கில் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள், நானா, நிறுவனமா?

2. இந்தத் திட்டத்தில் உங்களுக்கு முதல் ஆண்டு எவ்வளவு, பிறகு ஆண்டுதோறும் எவ்வளவு? சதவீதத்தில் அல்ல, ரூபாயில் சொல்லுங்கள்.

3. உங்கள் பதிவு எண் என்ன? செபி ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஏ.ஆர்.என். என்ற எண் இருக்கும். ஆலோசகரின் பெயர் செபி இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று, படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. நான் எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும்? இரண்டாம் ஆண்டில் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும்? இதை எழுத்தில் கேளுங்கள்.

5. கட்டணத்துக்கு ஒப்பந்தம் எங்கே? செபி ஆலோசகர் கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் கட்டணம் வாங்கக்கூடாது. ரொக்கமாகவும் வாங்கக்கூடாது.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள்

மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வரும். விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் அதில் ரூபாயிலேயே அச்சாகியிருக்கும். குப்பையில் போடாமல் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஃபண்டின் பெயரோடு 'ரெகுலர்' என்று இருக்கிறதா, 'டைரக்ட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்ற நினைத்தால் அவசரப்பட வேண்டாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது விற்று வாங்குவதாகவே கருதப்படும். வரியும் வெளியேறும் கட்டணமும் வரலாம்.

புதிதாகக் காப்பீட்டு பாலிசி எடுத்தவர்கள், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும். 2024-க்கு முன் இந்தக் கால அவகாசம் பொதுவாக 15 நாட்களாக இருந்தது. பத்திரம் வந்த தேதியை அதன் உறையிலேயே எழுதி வையுங்கள்.

அந்தக் காலம் கடந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. பொய் சொல்லி விற்றார்கள் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மியூச்சுவல் ஃபண்ட், ஆலோசகர் பற்றிய புகார்களுக்கு செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம் உண்டு.

அந்தச் சகோதரிக்கும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. மீதியிருக்கும் 8 லட்சம் மூன்று யத்தீம் பிள்ளைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள அமானிதம். போன வாரம் தெரிந்தவர் ஒருவர் இன்னொரு திட்டத்தோடு வீட்டுக்கு வந்தாராம். "உங்களுக்கு இதில் எவ்வளவு கிடைக்கும், அதை முதலில் சொல்லுங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். கேட்டு வந்து சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை.

கையெழுத்துப் போடுமுன் சந்தேகம் இருந்தால் காகிதங்களை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தத் திட்டத்தையும் நாம் பரிந்துரைப்பதில்லை. படித்து, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்வோம்.