மலை ஏறினால் மட்டும் வரும் நோய்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பழைய டீசல் கார் பதினோராவது வளைவு வரை ஒழுங்காகத்தான் வந்தது. அடுத்த ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனாலேயே திட்டினார். ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி போட்டேன். எதுவுமே நடக்காததுபோல வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

பட்டறைக்குக் கொண்டுபோனால் நோயே இல்லை. முதல் பட்டறையில் நாலு இன்ஜெக்டரையும் கழற்றலாம் என்றார்கள். இரண்டாவது பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, புதுசு போடணும் என்றார்கள். மூன்றாவது மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "எப்ப சார் மக்கர் பண்ணுது? விளக்கு எரியுதா? ஆஃப் பண்ணிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சரியாகுது?" என்று கேட்டார். வந்து போகும் கோளாறுக்கு இந்தக் கேள்விகளைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் எண்ணம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. உள்ளே வந்த காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இதை ஓட்டிக்காட்டியது 1897-இல். சரியாக நூறு வருடம் கழித்து, ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகக் கார்களுக்குள் காமன் ரயில் முறை வந்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் எப்போதும் அழுத்தத்தோடு காத்திருக்கும். எந்த இன்ஜெக்டரை எப்போது, எத்தனை நேரம் திறப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். வண்டி சும்மா நின்று உறுமும்போதே அந்தக் குழாயில் 250, 300 பார் இருக்கும். முழுச் சுமையில் 1,600 பாரைத் தாண்டும் வண்டிகள் உண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரும் கொஞ்சமும்தான். கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியாழத்தில்கூடச் சுமார் 1,100 பார்தான். கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கும் பழைய பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. அந்தத் தாரை தோலைத் துளைத்துவிடும்.

டீசல் எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு சக்தி. ஆனால் எரியக் காற்று வேண்டும்; அதைத் திணிப்பது டர்போ. கேட்ட காற்று வரவில்லை என்று சென்சார் சொன்னால் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள்: நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேர் என்று இன்ஜினைக் கட்டிப்போடுவது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. ஓட்டைக் குழாய்க்கு ஈடுகட்ட அதை இன்னும் வேகமாக விரட்டினால் உடைந்துபோகும்.

பல வண்டிகளில் சாவியை அணைத்ததும் கம்ப்யூட்டர் தன் முடிவை மறந்துவிடுகிறது. காரணம் அப்படியேதான் இருக்கும். ஆஃப் பண்ணி உடனே போட்டதும் பழைய வேகம் திரும்பினால், இன்ஜினைக் கட்டிப்போட்டது கம்ப்யூட்டர்தான் என்று சந்தேகிக்கலாம். பத்து நிமிடம் நின்றால்தான் சரியாகிறது என்றால் கதை வேறு. சூடேறினால் மட்டும் மயங்கும் சென்சாராக இருக்கலாம். டேங்குக்குள் கிடக்கும் ஒரு துண்டு பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம்: உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் நின்றதும் விழுந்துவிடும். விளக்கே எரியாமல் மூச்சுத் திணறுவதுபோல வேகம் வடிந்தால் ஃபில்டரையும் டேங்க் மூடியையும் பார்க்க வேண்டும். மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால், திறக்கும்போது உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும். ஃபில்டருக்குப் போகும் வழியில் சிறிது தூரத்துக்கு உள்ளே ஓடுவது தெரியும் டியூப் மாட்டிவைத்தால், எங்காவது காற்று இழுக்கிறதா என்பதைக் குமிழியே காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் தீர்ப்பு அல்ல, முதல் சந்தேகம்தான். டீசல் பக்கக் கோளாறிலும் விளக்கு எரிவதுண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி அடைத்தாலும் வண்டி இழுக்காது. என் வண்டி அதற்கு முந்தியது. அந்த ஒரு தொல்லை மிச்சம்.

ஸ்கேனரில் வந்த குறியீடு பி 0299. டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது பட்டறைக்காரர் காதில் அதில் 'டர்போ' மட்டும்தான் விழுந்தது. டர்போவின் இறக்கைகளில் கரி படிந்து ஒட்டியிருக்கலாம், அவற்றை அசைக்கும் வாக்குவம் டியூப் வெடித்திருக்கலாம், சென்சாரே பொய் சொல்லலாம், வழியில் எங்காவது காற்று கசியலாம்.

மெக்கானிக் ஸ்கேனரோடு பக்கத்தில் ஏறிக்கொண்டார். மறுபடி அதே மலை. திரையில் இரண்டு கோடுகள்: கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், உண்மையில் கிடைத்த அழுத்தம். மெதுவாகப் போனவரை இரண்டும் ஒட்டியே ஏறின. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்ததும் ஒன்று மேலே போனது, மற்றது பாதியில் துவண்டது. "இறக்கை ஒட்டிக்கிட்டா சில நேரம் கேட்டதுக்கு மேலயே எகிறும் சார். இது ஏறவே மாட்டேங்குது. எங்கயோ காத்து போகுது" என்றார்.

பட்டறைக்குத் திரும்பி, காற்று போகும் வழியின் ஒரு முனையை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து அளவாகக் காற்று விட்டு, ஹோஸ்கள் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பதேதான். ஒரு குமிழிகூட வரவில்லை. எனக்கு டர்போவின் விலை நினைவுக்கு வந்தது. அவர் மட்டும், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஹோஸைக் கையால் பிடித்து லேசாக முறுக்கினார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

முழுச் சுமையில் இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அப்போதுதான் ஹோஸ் முறுகும், அதே நேரத்தில்தான் உள்ளே அழுத்தமும் உச்சத்தில் இருக்கும். பட்டறையில் நின்று எத்தனை முறை உறுமினாலும் இந்த இரண்டும் சேர்ந்து வராது.

பழைய ஹோஸ் இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது. நேராகப் பிடித்தால் வெடிப்பு இருப்பதே தெரியாது. வளைத்தால் ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறக்கிறது.